துடுப்பை நீட்டினானா, ஓங்கினானா

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் ஊர்வம்பைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அது தானே நடந்து வந்து, "அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்" என்று கையை நீட்டும். நான் ஏரல்காரி. ஆற்றுத் தண்ணீரும் வாழைத்தோப்பும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகும் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே விஷயம்தான். ஒன்று மீன் விலை. இன்னொன்று, துறைமுகத்தில் கப்பல் தாமதமானால் என் வீட்டுக்காரரும் தாமதமாக வருவார் என்பது. அவர் அங்கே ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். எனக்கு வாய் நீளம் என்று அவருக்கு ஒரு புகார் உண்டு. நாள் முழுக்க வக்கீல்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்?

அந்தக் கொலை வழக்கு நடந்த காலத்தில் என் வாய்க்கே வேலை குறைந்துபோனது. ஊரே பேசிக்கொண்டிருந்தது. இடையில் நான் எங்கே நுழைய?

நடந்தது இதுதான். சங்கு குளிக்கும் ஒருவர், நடுக்கடலில் படகில் வைத்து, தன் மனைவியின் தம்பியைத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிட்டார். கொன்றதை அவர் மறுக்கவில்லை. உடலைப் படகில் கிடத்தித் தானே ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். மணலில் உட்கார்ந்து, "எம்மச்சான நான் கொன்னுட்டேன். அவன் என்னக் கொல்லப் பார்த்தான்" என்று கூடினவர்களிடம் சொன்னார். பிறகு கோர்ட்டிலும் அதே பேச்சுதான். உயிருக்குப் பயந்து அடித்தேன், அது தற்காப்பு என்றார்.

இதில் ஊர் கொதித்ததற்குக் காரணம் கொலை அல்ல. கொலைகள் எங்கள் பக்கத்தில் அவ்வளவு அபூர்வமில்லை. செத்தவன் யார் என்பதுதான் காரணம். சங்கு குளிக்கிறவர் வாயில் ஒரு ரப்பர் டியூபைக் கவ்விக்கொண்டு கீழே போவார். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்று அந்த டியூப் வழியாக இறங்கும். மேலே ஒருவன் டியூபைப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீழே இருப்பவரின் மூச்சு அவன் கையில். அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துவிட மாட்டார்கள். மனைவியின் கூடப்பிறந்தவனைத்தான் உட்கார வைப்பார்கள். முத்துக் குளித்த காலத்தில் டியூப் கிடையாது, கயிறு. அப்போதும் கயிறு பிடித்தவன் மச்சான்தான். கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் தன் கையால் அறுக்கமாட்டான் என்பது கணக்கு. கம்ப்ரசர் வந்தது, பைபர் படகு வந்தது, ஆனால் அந்த இடத்தில் உட்காருகிற ஆள் மாறவில்லை.

அப்பேர்ப்பட்ட இடத்தில் இருந்தவன் மூச்சை நிறுத்தினான் என்று ஒருவர் சொன்னால், கடற்கரை எப்படி ஏற்றுக்கொள்ளும்? "மச்சான் காத்த நிறுத்துவானாம்லா! பேசுதான் பாரு பேச்சு!" என்று மீன் விற்கிற பெண்கள் காறித் துப்பினார்கள்.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயங்கள் உண்டு. அன்றைக்குப் படகில் இவர்கள் இருவர் மட்டுமே. என்ஜின் ஓட்டுகிற மூன்றாமவர் மணப்பாட்டில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போய்விட்டார். சங்கு குளிக்கிறவர் அடியில் இருக்கும்போது காற்று நின்றது. கம்ப்ரசரின் பெல்ட் கழன்று கிடந்தது. தானாகக் கழன்றதா, கழற்றிவிட்டதா என்று பெல்ட் வாய் திறந்து சொல்லுமா? இவர் தட்டுத்தடுமாறி மேலே வந்தார். அப்போது மச்சினன் கையில் துடுப்பு இருந்தது. இவர் அதைப் பிடுங்கிக்கொண்டு படகில் ஏறி அவன் தலையில் இரண்டு முறை அடித்தார். இவ்வளவும் எல்லோருக்கும் சம்மதம்.

அந்தத் துடுப்பைத் தண்ணீரில் கிடந்தவர் பக்கம் அவன் நீட்டினானா, அவர் தலைக்கு மேல் ஓங்கினானா என்பதுதான் தகராறு. மூச்சுத் திணறி மேலே வருகிறவனுக்குப் பிடித்துக்கொள்ளத் துடுப்பை நீட்டுவது வழக்கம் என்றது அரசுத் தரப்பு. ஓங்கினான் என்றார் இவர். தூரத்தில் இன்னொரு படகில் இருந்தவர் சாட்சிக் கூண்டில் ஏறி, "துடுப்பப் பார்த்தேன் ஐயா. என்னத்துக்குத் தூக்குனான்னு அங்கன இருந்து எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். யோக்கியமான மனுஷன். ஊரில் அவரைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

என் கடை வாசலில் குடையை ஓங்காத ஆள் கிடையாது. சுருட்டின கேஸ் கட்டை ஓங்குவார்கள், டீ கிளாஸை நீட்டுவார்கள். நீட்டினால் கை இப்படி இருக்கும், ஓங்கினால் இப்படி இருக்கும் என்று ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டுவார்கள். ஒரு தொலைக்காட்சியில் பொம்மைப்படம் போட்டே காட்டினார்கள். அதில் செத்தவனுக்குப் பெரிய மீசை வைத்திருந்தார்கள். அந்தப் பையனுக்கு மீசை சரியாகக்கூட முளைத்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? என் வீட்டுக்காரர் சாப்பாட்டின் நடுவில் சாம்பார்க் கரண்டியைத் தூக்கி, "ஏளா, இங்க பாரு, நீட்டுனா இப்படி. ஓங்குனா…" என்று ஓங்கினார். சாம்பார் சுவரில் போய் அடித்தது. "நீங்க நீட்டவும் வேண்டாம், ஓங்கவும் வேண்டாம். துணி இருக்கு, தொடைங்க" என்றேன்.

கடைக்கு வழக்கமாக வருகிற மூத்த வக்கீல் ஒருவர் உண்டு. இந்த வழக்கில் அவர் எந்தப் பக்கமும் இல்லை, அதனால் நிதானமாகப் பேசுவார். அவரைத்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதுல சட்டம் என்னதான் சொல்லுது?"

"உயிருக்கு ஆபத்துன்னு நியாயமா பயந்து அடிச்சா அது குத்தமில்லம்மா. சாதாரண மனுஷன் ஒருத்தன் அந்த எடத்துல இருந்தா அவனுக்கும் அந்தப் பயம் வருமான்னு பார்ப்பாங்க. மொத அடி அந்தக் கணக்குல போயிரலாம். ரெண்டாவது அடிதான் இடிக்குது. அடிபட்டு விழுந்தவன எதுக்கு இன்னொரு தடவ அடிச்சே?"

"அந்தப் பயம் வருமா வராதான்னு யாரு சொல்லுவா?"

"அவரு ஒரு காரணம் சொல்லுதாரு. ‘எம்பொஞ்சாதிதான் முந்தின நாள் சொன்னா, அவ தம்பி என் மூச்ச நிறுத்தப்போறதா அவகிட்ட சொன்னான்னு’ அப்படிங்காரு. அந்தப் பொண்ணு கூண்டுல ஏறி ஆமான்னு சொன்னா, பயத்துக்கு ஆதாரம் கெடச்சிரும். இல்லன்னு சொன்னா இவரு பொய்க்காரரு, கொலைக் கேஸுல உள்ள போயிருவாரு. எல்லாம் அவ வாயிலதான் இருக்கு."

அவர் இதைச் சொல்லும்போது அந்தப் பெண் என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அவள் என் கடைக்கு வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட் வளாகத்தில் ஒரு பெரிய வேப்பமரம் இருக்கிறது. வாய்தா நாளில் அதற்குக் கிழக்கே அவள் புருஷனுடைய ஆட்கள் உட்காருவார்கள். மேற்கே மதிலோரமாக அவளைப் பெற்றவளும் உறவுக்காரர்களும் உட்காருவார்கள். இவள் கிழக்கே போனால் கொலைகாரன் பெண்டாட்டி, மேற்கே போனால் செத்தவன் அக்காள். முதல் வாய்தாவில் இரண்டுக்கும் நடுவில் வெயிலில் நின்றிருந்தாள். ரோட்டைத் தாண்டி வந்து, "அக்கா, கொஞ்சம் உக்காந்துக்கிடட்டா? ஃபேன் ஓடுதே" என்று கேட்டாள். யாரென்று தெரியாமல்தான் உட்காரச் சொன்னேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகமே. வம்பு பேச எனக்குப் பிடிக்கும், வீட்டுக்குள் கூட்டி வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். பிள்ளை குட்டி இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு தையல்கூடத்தில் தங்கித் தைத்துக்கொண்டிருந்தாள். பேசவே மாட்டாள். பேப்பர் கட்டு தீர்ந்தால் எழுந்து எடுத்துத் தருவாள். வருகிறவர்கள் அவள் முன்னாலேயே அவள் தம்பியை நல்லவனாக்குவார்கள், கெட்டவனாக்குவார்கள், குடையை ஓங்குவார்கள். ஒரு தடவை ஒருவன், "அந்தப் பொம்பளைக்கு இதுல என்ன கள்ளத்தனமோ" என்று ஆரம்பித்தான். எனக்கு வந்ததே கோபம். "ஏலே, ஜெராக்ஸ் எடுக்க வந்தியா, ஜோசியம் சொல்ல வந்தியா? மெஷின் ரிப்பேர், போ அங்கன" என்று விரட்டினேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சாட்சி சொல்லும் நாள் நெருங்க நெருங்க, அவளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாமியார் வந்து நேரடியாகவே சொன்னாள்: "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு தாயீ. செத்தவன் இனி வரப்போறதில்ல. எம்மவனாவது வெளிய வரட்டும்." பெற்றவள் வரவில்லை. அவள் மதிலோரத்தை விட்டு அசையவே மாட்டாள், மகள் இருக்கும் பக்கம் திரும்பவும் மாட்டாள். அவள் சார்பில் சித்தப்பா ஒருவர் வந்தார். "அவன் அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லிரும்மா. உசுரத்தான் எடுத்துட்டான், பேரையாவது விட்டுவைங்க. அக்கா புருஷன் மூச்ச நிறுத்தப் பார்த்தவன்னு அவன் கல்லறையில பேர் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இருவரிடமும் அவள் "சரி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் எப்படிச் சரி சொல்ல முடியும்?

மறு வாய்தாவில் மத்தியானம் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது, ஃபேன் நின்றது, கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். என் டிபன் டப்பாவிலிருந்து அவளுக்கும் பாதி வைத்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஏளா, நான் ஒண்ணு கேக்கேன். உன் தம்பி சொன்னானா, இல்லையா? எங்கிட்டயாவது சொல்லித் தொலை."

அவள் கையை நிறுத்தினாள். "சொல்லலக்கா."

"அப்பம் உன் வீட்டுக்காரர் பொய் சொல்லுதாரா?"

"அவுகளும் பொய் சொல்லல. நான்தான் அப்படிச் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாக விளங்க வைத்தாள். சங்கு குளிக்கிறவர்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் பெண்கள் சும்மா ஒரு பேச்சுப் பேசுவார்களாம். உங்க மூச்சு என் தம்பி கையிலதான இருக்கு, பார்த்து நடந்துக்கிடுங்க என்று. கேலிக்குச் சொல்வது. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆண்களும் சிரித்துக்கொண்டு போவார்கள்.

"அவுக என்ன அடிப்பாகக்கா. பிள்ள இல்லன்னு அடிப்பாக, குழம்புல உப்பு இல்லன்னு அடிப்பாக. அன்னைக்கு அந்தியில ரொம்ப அடிச்சுட்டாக. எனக்கு வேற வழி தெரியல. ‘எந்தம்பிக்கு எல்லாம் தெரியும். அவன் கடல்ல வச்சு உங்க மூச்ச நிறுத்திருதேன்னு சொல்லியிருக்கான்’ன்னு சொன்னேன். கையத் தூக்குனவுக அப்படியே நின்னுட்டாக. அதோட அடி நின்னுச்சு. மறுநாள் விடியக்கால ரெண்டு பேரும் போனாக."

"உன் தம்பிக்கு நீ அடிபடுறது தெரியுமா?"

"தெரியாது."

"ஒருநாளும் சொன்னதில்லையா? கூடப்பிறந்தவன்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்லுவ?"

"டியூப் பிடிக்கிறவன்கிட்ட நாங்க யாரும் சொல்லமாட்டோம்க்கா. மனசுல கோவத்த வச்சுக்கிட்டு அவன் எப்படி அங்கன உக்காருவான்? கை தவறிருச்சுன்னா? அதனால சொல்லமாட்டோம். அடிபட்ட அன்னைக்கு அம்மா வீட்டுக்கே போகமாட்டேன்."

அட பாவிகளா என்று வந்தது எனக்கு. கூடப்பிறந்தவன் கையில் மூச்சைக் கொடுத்திருப்பது புருஷனுக்குக் காவல் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. பெண்டாட்டியின் வாய்க்கும் அதுவே பூட்டு என்பதை எந்த வக்கீலும் எந்தத் தொலைக்காட்சியும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடத் தெரியாத அந்தப் பையன், பெல்ட் கழன்றதும் பதறிப்போய்த் துடுப்பை எடுத்து நீட்டியிருக்கிறான். கீழிருந்து வந்தவர் காதில் முந்தின நாள் பேச்சு ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான் யோசித்தேன். எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "இங்க பாரு. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கூண்டுல ஏறி, ‘ஞாபகம் இல்லங்கய்யா’ன்னு சொல்லிட்டு எறங்கிரு. அவங்க எப்படியும் தீர்ப்பு எழுதிக்கிடுவாங்க. நீ உண்மையச் சொன்னேன்னு வையி, இந்தப் பக்கமும் உன்னச் சேர்க்காது, அந்தப் பக்கமும் சேர்க்காது. ரெண்டு வீட்டுப் பழியும் உன் தலையில விடியும்."

அவள் தலையை ஆட்டினாள். சோற்றைச் சாப்பிட்டாள். கரண்ட் வந்தது. என் யோசனையை எடுத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

சாட்சி நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். இத்தனை காலம் கோர்ட்டுக்கு எதிரில் இருந்தும் நான் உள்ளே போய் உட்கார்ந்தது அன்றுதான். கூட்டம் நெருக்கியது. அவள் புருஷன் ஓரத்தில் நின்றார். கைகள் பெரியவை, முகம் வற்றிப்போயிருந்தது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடித்தாள். பிறகு புருஷனின் வக்கீல் எழுந்தார்.

"உங்க தம்பி, உங்க கணவரோட மூச்ச நிறுத்தப்போறதா உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லங்க."

மாமியார் பக்கம் ஒரு விம்மல் எழுந்தது. மதிலோரத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீலுக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்படின்னா, அவரு சொன்னதா உங்க கணவர்கிட்ட நீங்க எதுவும் சொல்லல?"

"சொன்னேங்க."

"ஏம்மா, எது உண்மை?"

"ரெண்டும் உண்மைங்க. எந்தம்பி சொல்லல. அவன் சொன்னதா நானா சொன்னேன்."

அரசு வக்கீல் குறுக்கே எழுந்து, புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த பேச்சை இங்கே சொல்லக்கூடாது என்றார். அவள் தன் பேச்சைத்தானே சொல்கிறாள், சொல்லட்டும் என்றார் நீதிபதி. பிறகு பேனாவை வைத்துவிட்டு அவரே கேட்டார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"அடி நிக்கட்டும்னு சொன்னேங்கய்யா."

அவள் புருஷன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். செத்தவன் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜெயிலில் இருந்த நாள் முழுக்க, தன்னைக் கொல்ல வந்த ஒருவனைக் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

தீர்ப்பு பல வாய்தாவுக்குப் பிறகு வந்தது. அவருடைய பயம் பொய்யல்ல, மனைவி சொன்னதை நம்பினவருக்கு அந்தப் பயம் வரக்கூடியதே என்றார் நீதிபதி. முதல் அடியைத் தற்காப்பில் சேர்த்தார். இரண்டாவது அடியைச் சேர்க்கவில்லை. கொலைக் குற்றம் இல்லை, அதற்குக் கீழான குற்றம் என்று சொல்லிச் சில வருஷத் தண்டனை கொடுத்தார். மூத்த வக்கீல் கடைக்கு வந்து, "நல்ல தீர்ப்பும்மா. அந்தப் பொண்ணு சொல்லலன்னா ஆயுசு முழுக்க உள்ள கெடந்திருப்பாரு. அந்தப் பையன் பேரும் தப்பிச்சுது" என்றார்.

புருஷன் தப்பினார், தம்பியின் பெயர் தப்பியது. மிச்சம் யார்?

அதையும் ஊர் பார்த்துக்கொண்டது. குடையை ஓங்குவது ஓய்ந்துபோய், நாக்கை நீட்டுவது ஆரம்பமானது. "அடிச்சது அவன், கொன்னது அவ நாக்கு" என்று ஒருவர் சொன்னார், அடுத்த நாள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு சேனலில் நாலு பேரை உட்கார வைத்து, வாயால் செய்த கொலைக்குத் தண்டனை உண்டா என்று விவாதம் நடத்தினார்கள். மாமியார் கோர்ட் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். சித்தப்பா, "உன்னால போச்சே எங்க பிள்ள" என்று சொல்லிவிட்டு நடந்தார். என் வீட்டுக்காரரும், "என்னதான் இருந்தாலும் பொம்பள அப்படிச் சொல்லலாமா?" என்று வாயைத் திறந்தார். "எப்படிச் சொல்லலாமா? அவ முதுகுல விழுந்த அடி மொத அடியா, ரெண்டாவது அடியா? அத எவனாவது எண்ணுனீங்களா? மொதல்ல அத எண்ணிட்டு வாங்க, பிறகு நாக்கப் பத்திப் பேசுவோம்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பை. நாசரேத்தில் ஒரு விடுதியில் தையல் வேலை கிடைத்திருப்பதாகவும், பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் சொல்லிக்கொண்டு போக வந்ததாகவும் சொன்னாள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். நான் ஒரு கட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், மதிலோரத்தில் உட்கார்ந்திருப்பாளே, அந்தத் தாய். வழக்கு நடந்த காலம் முழுவதும் இந்தப் பக்கம் திரும்பாதவள். நேரே உள்ளே வந்து, பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள், இல்லை அடிக்கப்போகிறாள் என்று நினைத்து மெஷினை விட்டுவிட்டுக் கிட்டே போய் நின்றுகொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மகளையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"உங்கப்பாவுக்கு எங்கண்ணன்தான் கயிறு பிடிச்சாக. அப்பம் இந்த டியூப்பு, காத்து மெஷின் எல்லாம் கெடையாது."

மகள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நானும் சொல்லுவேன். நீ சொன்னியே, அதே மாதிரிதான். ‘எங்கண்ணன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், நாளைக்குக் கயித்த விட்டுருதேன்னு சொல்லியிருக்காக’ன்னு சொல்லுவேன். எங்கண்ணன் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாக. நானா அடிச்சு விடுதது. ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"அப்பா என்ன சொல்லுவாகம்மா?"

"சிரிப்பாக. உங்கண்ணன் விட்டாலும் நான் நீந்தி வந்துருவேன்ட்டி, வந்து சோறு கேப்பேன்ட்டின்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போயிப் படகுல ஏறுவாக."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பெஞ்சில் நகர்ந்து வந்து மகளின் முதுகில் கையை வைத்தாள். எங்கே வலித்திருக்கும் என்று தேடுகிறவள்போல அந்தக் கை மேலும் கீழுமாகப் போய்வந்தது.

"உங்கப்பா ஒருநாளும் பயந்ததில்ல. என்ன ஒரு அடி அடிச்சதில்ல, அவுக எதுக்குளா பயப்படணும்?"